பூசானில் எங்கள் சனி ஞாயிறு

வணக்கம் நேயர்களே. கொரியாவில் இருந்துவிட்டு வந்தவள் என்று தெரிந்தால் போதும், எல்லோரும் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். சீரியலில் காட்டுகிற மாதிரியே இருக்குமா என்பது ஒன்று, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நான் சரியான ஆள் இல்லை. அந்தக் கதைகள் பெரும்பாலும் சியோலில் நடப்பவை, நாங்கள் இருந்தது பூசானில். நாட்டின் தென்கிழக்கு மூலையில் இருக்கிற துறைமுக நகரம், கொரியாவின் இரண்டாவது பெரிய ஊர், 30 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். சாப்பாட்டுக் கேள்விக்கு என்னிடம் நிறையவே பதில் இருக்கிறது, வழியில் வருகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. எனக்குக் கிடைத்தது எஃப்-3 விசா. வேலைக்கோ படிப்புக்கோ போனவரின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்குக் கொடுப்பது. அதை வைத்துக்கொண்டு நாட்டில் தங்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. திண்டுக்கல்லில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவளுக்கு, பத்தாவது மாடியில் ஓர் அறையும் அடுப்படியும் இருக்கிற வீட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை என்ன வேலை இருக்கும் சொல்லுங்கள். அவர் காலையில் போவார். கொரியாவில் ஆய்வகத்துக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று ஆய்வகத்துக்கே தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் சீக்கிரமே ஒரு சட்டம் போட்டேன்: சனி ஞாயிறு எங்கே போவது என்பதை நான் மட்டும்தான் முடிவு செய்வேன், அவர் தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொண்டு கூட வர வேண்டியது. வாரம் முழுக்க வீட்டில் இருக்கிறவளுக்கு அந்த அதிகாரம்கூட இல்லாவிட்டால் எப்படி?

அந்த அதிகாரத்தைச் செலுத்த முதலில் வழி தெரிய வேண்டுமே. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் கூகுள் மேப்பைத் திறந்து பழகியவர்கள் அங்கே போனால் திணறிப்போவார்கள். நாங்கள் இருந்த காலத்தில் அதில் நடந்து போகும் வழி காட்டாது. நாட்டின் நுணுக்கமான வரைபடத் தரவை வெளிநாட்டு சர்வர்களுக்குக் கொண்டுபோக அரசாங்கம் விடவில்லை, பாதுகாப்புக் காரணம். 1953-இல் வடகொரியாவோடு போட்டது போர்நிறுத்தம் மட்டும்தான், சமாதான ஒப்பந்தம் இன்னும் இல்லை என்பதை அந்த நாட்டில் இருக்கும்போது இப்படித்தான் எதிர்பாராத இடத்தில் ஞாபகப்படுத்துவார்கள். சரி, நேவர் மேப் என்று அவர்களுடையதே ஒன்று இருக்கிறது. அதற்காகவே கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டேன். எழுத்துக்கூட்டிப் படிப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை, நம்முடைய உயிர்மெய் தெரிந்தவர்களுக்கு ஒரு வாரம் போதும். அர்த்தம் புரிவது வேறு கதை. பஸ்ஸில் இருந்து மெட்ரோவுக்கு அரை மணி நேரத்துக்குள் மாறினால் மறுபடி முழுக் கட்டணம் பிடிக்கமாட்டார்கள், கார்டை இறங்கும்போதும் ஒரு தடவை காட்ட வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் இருந்தபோது ஏறக்குறைய நூறு ரூபாயில் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மலையடிவாரம் வரை போய்விடலாம். ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

மலை என்றேன். பூசான் என்றாலே கடற்கரைப் படம்தான் எல்லோரும் போடுவார்கள், ஆனால் அந்த ஊரின் சனிக்கிழமை கும்ஜங்சான் மலையில்தான் இருக்கிறது. உயரமான சிகரம் 800 மீட்டர் சொச்சம்தான், சிறுமலையைவிடப் பெரிது என்று சொல்ல முடியாது. ஆனால் மெட்ரோவில் போய் மலையேறுவது என்பது எனக்குப் புதுசு. முதல் லைனில் பொமோசா என்று ஒரு ஸ்டேஷன், வெளியே வந்து 90-ஆம் நம்பர் பஸ் ஏறினால் பொமோசா கோயில் வாசலில் விடும். 678-இல் சில்லா என்ற பழைய கொரிய அரசு காலத்தில் தொடங்கிய பௌத்தக் கோயில். உள்ளே போகக் கட்டணம் இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்தே மலைப்பாதை தொடங்குகிறது.

அந்த ஸ்டேஷனில் காலை ஒன்பது மணிக்கு இறங்குகிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அறுபது, எழுபது வயதுக்காரர்கள். 65 வயதுக்கு மேல் மெட்ரோ இலவசம். இமயமலைக்குப் போகிறவர்கள்போல பூட்ஸ், இரண்டு கையிலும் கம்பு, கழுத்தில் துண்டு, முகத்தை மூடும் தொப்பி, முதுகுப்பையில் தொங்கும் எஃகுக் குவளை. நாங்கள் இரண்டு பேரும் சாதாரணச் செருப்பைவிட ஒரு படி மேலான ஷூ போட்டுக்கொண்டு போய், மூச்சு வாங்கி வழியில் பாறையில் உட்கார்ந்திருப்போம். பாட்டிமார் பேசிக்கொண்டே தாண்டிப் போவார்கள். போகிற போக்கில் ஒருவர் வெள்ளரிக்காயை எடுத்து நீட்டுவார். தாகத்துக்கு வெள்ளரிக்காய் கடிப்பது அங்கே மலையேறுபவர்களின் வழக்கம். நகரத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டில் முகம் பார்க்கமாட்டார், மலைப்பாதையில் மட்டும் எதிரே வருகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்வார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை, மலைக்கு வந்தால் அப்படித்தான் என்கிறார்கள்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தவை இரண்டு சின்ன ஏற்பாடுகள். பாதையோரம் சுனைநீர் வருகிற இடங்களில் கல்தொட்டி கட்டி, சிவப்பும் நீலமுமாக பிளாஸ்டிக் அகப்பைகளை வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள். தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள். அந்தச் சுனைத் தண்ணீரை எந்தத் தேதியில் பரிசோதித்தார்கள், என்னென்ன கிருமிக்குப் பார்த்தார்கள், குடிக்கலாமா கூடாதா என்று அட்டவணை போட்டு எழுதி ஒட்டியிருக்கும். மலை உச்சியில் ஓர் ஊற்றுக்கு லேப் ரிப்போர்ட்! கணக்கு டீச்சர் இல்லையா, நின்று முழு அட்டவணையையும் படிப்பேன், இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு நடக்க ஆரம்பித்திருப்பார். இன்னொன்று, மலையிலிருந்து இறங்கும் இடத்தில் காற்றடிக்கும் குழாய்கள் இருக்கும். நம் ஊர் பஞ்சர் கடையில் டயருக்கு அடிக்கிறார்களே, அதே வேகத்தில் காற்று. அதைப் பிடித்துப் பூட்ஸிலும் கால்சட்டையிலும் அடித்து மண்ணை உதறிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். இதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்கூட மெட்ரோ தரை அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

மலைமேல் கோட்டைச் சுவர் ஒன்று ஓடுகிறது. இப்போது இருப்பது 1703 வாக்கில் கட்டியது, சுற்றளவு 17 கிலோமீட்டருக்கு மேல், கொரிய மலைக்கோட்டைகளிலேயே பெரியது. ஜப்பானியப் படையெடுப்பில் அடிபட்ட பிறகு கட்டிக்கொண்டது. சுவரையொட்டி நடந்தால் கிழக்கு வாசல், தெற்கு வாசல் என்று வரும். கோட்டைக்குள்ளேயே ஒரு கிராமம். அங்கே மாக்கல்லி என்கிற அரிசிக் கள் பேர்போனது. கோதுமை மாவைப் பிசைந்து துணியில் சுற்றி, பெண்கள் காலால் மிதித்து வட்டமாகத் தட்டையாக்கி, புளிக்க வைத்து, அந்தக் கட்டியை அரிசிச் சோற்றோடு கலந்து நொதிக்க வைத்துச் செய்கிறார்கள். நாங்கள் குடித்தோமா என்று கேட்காதீர்கள், இந்த நிகழ்ச்சியை என் மாமியாரும் கேட்கிறார்.

இப்போது சாப்பாடு. நான் மீன் சாப்பிடுவேன், எனக்குப் பூசானில் ஒரு குறையும் இல்லை. ஜாகல்சி மீன் சந்தைக்குப் போனால் ரப்பர் கையுறை போட்ட அம்மாமார் உயிரோடு நெளிகிற கடல் ஜந்துக்களைத் தொட்டியில் இருந்து அள்ளிக் காட்டுவார்கள். பாதிக்குப் பெயர் தெரியாது. இவர் சுத்த சைவம். அந்தச் சந்தைக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வெளியே வந்து நிற்பார். கொரியாவில் சைவம் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் மீனும் இறாலும் அவர்கள் கணக்கில் அசைவத்தில் வராது. கிம்ச்சி என்கிற அவர்கள் முட்டைக்கோஸ் ஊறுகாயிலேயே நெத்திலிச் சாறோ உப்பு இறாலோ போட்டிருக்கும். கிம்பாப் என்று ஒன்று, கடற்பாசித் தாளில் சோற்றையும் காய்கறியையும் வைத்துச் சுருட்டி வெட்டித் தருவது, மலைக்குப் போகிற எல்லோர் பையிலும் இருக்கும். அதைச் சொல்லும்போது ஹாம் வேண்டாம், மீன் கேக் வேண்டாம், நண்டுக்குச்சி வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனைக் கடைக்காரம்மா முதல் நாள் என் பட்டியலைக் கேட்டுவிட்டு, அப்புறம் இதில் என்னதான் இருக்கும் என்று கையை விரித்தார். மறு வாரத்தில் இருந்து இவர் தலையைப் பார்த்ததுமே கேரட்டும் கீரையும் இரண்டு பங்கு வைத்துச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். விலை மட்டும் குறைக்கவில்லை.

மலைக்கிராமத்தில் இவருக்குக் கிடைத்தது ஓக் மரக்கொட்டை மாவில் செய்கிற ஒரு கூழ்க்கட்டி, பழுப்பு நிறம், தொட்டால் ஆடும், சோயாவும் எள்ளெண்ணெயும் ஊற்றித் தருவார்கள். அதுவாக ருசி எதுவும் கிடையாது. நகரத்துக்குள் நம்போ பக்கம் போனால் தெருவோரத்தில் சியாத் ஹொத்தொக். மாவு உருண்டைக்குள் சர்க்கரை வைத்து நிறைய எண்ணெயில் தட்டிப் பொரித்து, கத்தரிக்கோலால் வாயைக் கிழித்து, சூரியகாந்தி விதை, பூசணி விதை எல்லாம் ஒரு கரண்டி அள்ளித் திணித்து, பேப்பர் கப்பில் நிறுத்திக் கொடுப்பார்கள். சர்க்கரைப் பாகு கையில் வழியும். இவர் பூசான் வாழ்க்கையில் கால்வாசியை ஹொத்தொக்கிலேயே ஓட்டினார். புத்தர் பிறந்தநாள் அன்று மட்டும் ராஜ உபசாரம். கோயில்களில் வருகிறவர்களுக்கெல்லாம் சோறும் காய்கறியும் கலந்த பிபிம்பாப் இலவசமாகப் போடுவார்கள், வெங்காயம் பூண்டுகூட இல்லாத சமையல். அன்றைக்கு அவர் மூன்றாவது தடவையும் வரிசையில் போய் நின்றார். நான் தெரியாதவள் போல விளக்குத் தோரணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமையை யொங்டோ பாலத்துக்கு என்று ஒதுக்க வேண்டும். 1934-இல் திறந்த பாலம், பூசானையும் யொங்டோ தீவையும் இணைப்பது. கப்பல் போவதற்காக ஒரு பக்கம் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். 1966-இல் தூக்குவதை நிறுத்திவிட்டார்கள், பிறகு புதுப்பித்து 2013-இல் மறுபடி ஆரம்பித்தார்கள். நாங்கள் இருந்தபோது சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு, கால்மணி நேரம். மணியடித்து, வண்டிகளை நிறுத்தி, தார் ரோடு வெள்ளைக் கோடுகளோடு சேர்ந்து ஏறக்குறைய நட்டுக்குத்தலாக எழுந்து நிற்கும். அடிப்புறத்தில் கடல்பறவைகள் பெயிண்ட்டில் வரைந்திருக்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் குழந்தைகள், மீதிப்பேர் வயசானவர்கள்.

வயசானவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1950-இல் போர் தொடங்கியதும் நாட்டின் பெரும்பகுதி கைவிட்டுப் போக, பூசான் தற்காலிகத் தலைநகரமானது. வடக்கே இருந்து லட்சக்கணக்கில் அகதிகள். ஓடுகிற அவசரத்தில் குடும்பங்கள் பிரியும்போது, பூசானில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த இடம் இந்தத் தூக்குப்பாலம் ஒன்றுதான், அதனால் பிழைத்துக் கிடந்தால் அந்தப் பாலத்தில் சந்திப்போம் என்று சொல்லிப் பிரிந்தார்கள். வந்தவர்கள் பாலத்தடியில் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களை நம்பி அங்கே ஜோசியக்காரர்கள் கடை போட்டார்கள், என் மகன் உயிரோடு இருக்கிறானா, எந்தத் திசையில் இருந்து வருவான் என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். ஈழத்து நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இது தெரிந்த பிறகு ஊரே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. மலைச்சரிவுகளில் ஏன் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன, பொசு என்கிற சந்தில் ஏன் இத்தனை பழைய புத்தகக் கடைகள், எல்லாம் அந்த அகதிகள் பிழைப்புக்குத் தொடங்கியவை. ஆமி என்ற பகுதியில் ஜப்பானியர் காலத்து இடுகாட்டின் மேலேயே குடிசை போட்டிருக்கிறார்கள். சுவருக்கு அடியிலும் வாசற்படியிலும் கல்லறைக் கற்கள், உற்றுப் பார்த்தால் இன்னும் எழுத்து தெரியும். பக்கத்திலேயே கம்சொன் கிராமம், 2009-க்குப் பிறகு ஓவியங்கள் தீட்டி வண்ணமடித்து இன்றைக்கு உலகப் புகழ். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. துணி காயப்போட்டிருக்கிற ஒருவர் வீட்டு வாசலில் நின்று செல்ஃபிக்கு வரிசை கட்டுவது என்னமோ போல இருந்தது. ஆமியில் அந்தப் படிக்கட்டுகளில் சும்மா ஏறி இறங்குவதே போதும் என்று இருந்தது எங்களுக்கு.

ஐ.நா. நினைவுக் கல்லறைத் தோட்டமும் பூசானில்தான். 1951-இல் அமைத்தது, உலகத்தில் ஐ.நா.வின் பெயரில் இருக்கிற ஒரே போர்க் கல்லறை. புல்வெளி, ரோஜாச் செடிகள், நாட்டுக்கொடிகள், சத்தமே இல்லை. கொரியப் போரில் இறந்த, காணாமல்போன ஐ.நா. படைவீரர்கள் 40,896 பேரின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் வெட்டிய சுவர் ஒன்று இருக்கிறது. தோட்டத்தின் குறுக்கே ஓடுகிற சின்ன வாய்க்காலுக்கு டான்ட் என்று பெயர். அங்கே புதைக்கப்பட்டவர்களிலேயே இளையவன், 17 வயது ஆஸ்திரேலியப் பையன் ஒருவனின் பெயர் அது.

இந்தியா அந்தப் போருக்குச் சண்டைப்படை அனுப்பவில்லை, மருத்துவப் படை அனுப்பியது. 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். 1950 நவம்பரில் இதே பூசான் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், நம் ஆற்காட்டுக்காரர். பியாங்யாங்கில் இருந்து பின்வாங்கும்போது மருந்தையும் கருவிகளையும் விட்டுவிட்டு வரச் சொன்னார்களாம், இவர்கள் ஒரு பழைய ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, தாங்களே ஓட்டி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்க வான்குடைப் படையோடு சேர்ந்து குதித்து, காயம்பட்டவர்களுக்கு அங்கேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது, 2020 ஜூலையில் தென்கொரிய அரசாங்கம் அவரை அந்த மாதத்தின் போர்வீரராக அறிவித்துச் சிறப்பித்தது. திண்டுக்கல்லில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய எனக்கு அவர் பெயர் தெரிந்தது கொரியாவுக்குப் போன பிறகுதான். நம் பாடப்புத்தகத்தில் இரண்டு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி கிம்ஹே ஊருக்குப் போய்விடும். சாசாங்கில் மாறினால் டிரைவர் இல்லாத குட்டி ரயில் ஒன்று, நக்டொங் ஆற்றைத் தாண்டிக்கொண்டு போய் விடும். உங்களில் பலருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், இந்தியாவில் இருந்து கப்பலேறிப் போன ராணி கதை. அந்த ராணி ஹோ ஹ்வாங்-ஓக்கின் சமாதி கிம்ஹேயில்தான் இருக்கிறது, பெரிய புல்மேடு. அவர் கணவர், கயா நாட்டை நிறுவிய சூரோ ராஜாவின் சமாதி இன்னொரு இடத்தில். கி.பி. 48-இல் ஆயுதா என்ற நாட்டில் இருந்து 16 வயது இளவரசியாக வந்தார் என்று சம்குக் யூசா என்கிற நூலில் இருக்கிறது. ராணி சமாதிக்குப் பக்கத்தில் சின்ன மண்டபத்துக்குள் செம்மை படர்ந்த கற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், கடல் கொந்தளிக்காமல் இருக்கக் கப்பலில் அவர் கொண்டுவந்த கோபுரம் என்கிறார்கள். ஆயுதா என்பது அயோத்தி என்று ஒரு கட்சி, இல்லை நம் குமரிப் பக்கத்து ஆய் நாடு என்று இன்னொரு கட்சி.

எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. அந்த நூல் எழுதப்பட்டது 13-ஆம் நூற்றாண்டில், ராணி வந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுக்குப் பிறகு. அதை வைத்துக்கொண்டு கன்னியாகுமரியில் எந்தத் தெரு என்பது வரை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஆனால் கிம்ஹே கிம் என்ற குலத்தவர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் தங்களை அந்த ராணியின் வழி என்றே சொல்லிக்கொள்கிறார்கள். சமாதி வாசலில் ஒரு பெரியம்மா என் பொட்டைப் பார்த்துவிட்டு இந்தியாவா என்று கேட்டு, நான் கிம்ஹே கிம், அப்படியானால் நீ எங்கள் பாட்டி வீட்டுப் பெண் என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஆதாரம் காட்டுங்கள் என்றா கேட்க முடியும்? பாட்டி வீட்டுக்காரர்கள் என்ற முறையில் அவர் கொடுத்த இரண்டு ஆரஞ்சுப் பழத்தை வாங்கிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் கிம்ஹேக்கு நாங்கள் அடிக்கடி போனது ராணிக்காக இல்லை, டொங்சாங் சந்தைக்காக. சுற்றிலும் தொழிற்சாலைகள் அதிகம், உஸ்பெக், வியட்நாம், நேபாளம், இலங்கை, இந்தோனேசியா என்று எல்லா நாட்டுத் தொழிலாளர்களும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் கூடுவார்கள். வேலை அனுமதித் திட்டம் ஒன்று 2004 முதல் இருக்கிறது, அதில் வந்தவர்கள். கொத்தமல்லித்தழையும் வெண்டைக்காயும் பருப்பும் அங்கே கிடைக்கும். காய்கறிக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ தமிழில் போன் பேசுகிற குரல் கேட்டு, நானும் இவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். மட்டக்களப்புப் பையன், வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வந்து சாம்பார் சாப்பிட்டான். தன் முதலாளியோடு பேச வேண்டியதை என் வீட்டுக்காரரைவிட நன்றாகக் கொரிய மொழியில் பேசுவான், தொழிற்சாலையில் கற்றுக்கொண்ட மொழி அப்படி.

கடலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். ஹேயுன்டே கடற்கரையை நீங்களே படத்தில் பார்த்திருப்பீர்கள், ஆகஸ்டில் குடையும் தலையும்தான் தெரியும், மணல் தெரியாது. நாங்கள் போனது இகிடே பக்கம். ஒரு காலத்தில் ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த கரை என்பதால் ஹோட்டல் எதுவும் கட்டாமல் தப்பித்த இடம். பாறையோரமாகவே 4.7 கிலோமீட்டர் பாதை, நடுவில் தொங்குபாலங்கள், முடிவில் ஓர்யுக்டோ தீவுகளுக்கு எதிரே கண்ணாடித் தரை போட்ட மேடை. அதில் ஏறும் முன் ஷூவுக்கு உறை மாட்டச் சொல்வார்கள். அங்கே இருந்துதான் கிழக்குக் கடற்கரை முழுக்க வடகொரிய எல்லை வரை போகிற 750 கிலோமீட்டர் நடைபாதை தொடங்குகிறது. முழுதும் நடந்தே தீருவோம் என்று இவர் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று சபதம் எல்லாம் போட்டார். மணி ஐந்தானதும் பஸ் எப்போது என்று கேட்டார்.

ராத்திரிக்கு குவாங்கல்லி. எதிரே 7.4 கிலோமீட்டர் நீளப் பாலம் விளக்கு போட்டு நிற்கும், சனிக்கிழமைகளில் நூற்றுக்கணக்கான ட்ரோன்கள் எழும்பி வானத்தில் படம் போடும். பாய் விரித்து மணலில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். சுற்றிலும் ஜோடி ஜோடியாக ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு இருப்பார்கள், அங்கே காதலர்களுக்கும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும் அது வழக்கம். நாமும் போடலாமா என்று கேட்டேன். நாம் என்ன பேண்டு வாத்தியக்காரர்களா என்றார்.

ஜூன் கடைசியில் மழைக்காலம் பிடித்துக்கொண்டால் மலையும் இல்லை கடலும் இல்லை. அப்போது ஒன்ஜொன்ஜாங் போவோம், சில்லா காலத்தில் இருந்தே வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன டொங்னே பகுதி. பொதுக்குளியல் அறையில் ஆண்கள் தனி, பெண்கள் தனி, ஆனால் உடம்பில் துணி கூடாது. எனக்கு அது சரிப்படவில்லை. தெருவிலேயே கால் நனைக்கிற தொட்டி ஒன்று இலவசமாக வைத்திருக்கிறார்கள், பாட்டி தாத்தாக்களோடு வரிசையாகக் காலை விட்டு உட்கார்ந்துகொள்ளலாம். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தீர்ந்தன. காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கோபமாக எழுந்து போக முடியாது, துடைக்கத் துண்டு அவரிடம் இருக்கும்.

இரண்டாவது வருஷத்துக்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அங்கேயே மேற்படிப்புக்கு விண்ணப்பித்து, விசாவை மாற்றி, மாணவியாகிவிட்டேன். அதோடு என் சட்டத்துக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் அவரைப் போலவே களைத்துப்போய் வர ஆரம்பித்தேன், மேப்பைத் திறந்து வழி தேட யாருக்குத் தெம்பு? இனி நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டேன். இத்தனை நாள் குடை தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர் என்ன முடிவு செய்தார் தெரியுமா? வாரம் தவறாமல் பேஸ்பால்.

சாஜிக் மைதானம், லோட்டே ஜயண்ட்ஸ் அணி. கடைசியாகக் கோப்பை வாங்கியது 1992-இல். அதற்குப் பிறகு பிறந்து வளர்ந்து கல்யாணம் ஆனவர்கள்கூட தொண்டை கிழியக் கத்திக்கொண்டு இருக்கிறார்கள். ஆட்டம் எனக்கு இன்றுவரை முழுசாகப் புரியவில்லை, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக் கத்தினால் போதும். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம், எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போவோம். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனிப் பாட்டு, மேடையில் ஒருவர் விசில் ஊதி நடத்த, கூட்டமே எழுந்து பாடும். எதிரணிப் பந்துவீச்சாளர் பேட்ஸ்மேனுக்குப் போடாமல் ஓட்டக்காரரை மிரட்ட வேறு பக்கம் எறிந்தால், மா! என்று ஒரே குரலில் அதட்டுவார்கள். டேய் என்கிற மாதிரி, பூசான் பாஷை. பந்து ரசிகர்கள் பக்கம் விழுந்து பெரியவர் யாராவது பிடித்துவிட்டால் உடனே அஜூரா, அஜூரா என்று மைதானம் முழுக்கச் சத்தம் கிளம்பும், குழந்தைக்குக் கொடு என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு குழந்தைக்குக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்கும்வரை விடமாட்டார்கள்.

ஒரு தடவை இவரே பிடித்துவிட்டார். எப்படிப் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது, எலுமிச்சைச் சோற்று டப்பாவை மடியில் இருந்து கீழே தள்ளிவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். சந்தோஷத்தில் தூக்கிக் காட்டினார் பாருங்கள், அஜூரா என்று ஆரம்பித்துவிட்டது. இவர் என்னைப் பார்க்கிறார், நான் கூட்டத்தோடு சேர்ந்து அஜூரா என்று கத்திக்கொண்டிருக்கிறேன். முன்வரிசையில் பல் விழுந்த பையன் ஒருவன் ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். கொடுத்தார். வீடு வரைக்கும் என்னோடு பேசவில்லை, நீ எந்தக் கட்சி என்று மட்டும் மெட்ரோவில் ஒரு தடவை கேட்டார்.

நேரமாகிவிட்டது என்று நிலையத்தில் சைகை காட்டுகிறார்கள். பேச அழைத்ததற்கு நன்றி, வணக்கம்.